குவாரிப் பக்கத்துச் சாலை வடிகால்: யார் தூர்வார வேண்டும்?

கல்குவாரியும் கிரஷரும் உள்ள ஊர்களிலிருந்து புரட்டாசி மாதத்தில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். சாலையோர வடிகால் கல்தூசியில் மேடு தட்டிக் கிடக்கிறது. நெடுஞ்சாலைத் துறையிடம் போனால், "குவாரி லாரியால வந்தது, அவங்களையே அள்ளச் சொல்லுங்க" என்கிறார்கள். குவாரிக்காரர், "அரசாங்கத்துக்கு எல்லாம் கட்டிட்டுத்தான் தொழில் பண்றேன், பஞ்சாயத்து செய்யட்டும்" என்கிறார். ஊராட்சியில் நிதி இல்லை. அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. தண்ணீர் சாலை மேல் ஏறி, தாரைப் பெயர்த்துக்கொண்டு, தாழ்வான தெருவுக்குள் போய் நிற்கிறது.

கேட்பவர் வார்டு உறுப்பினராக இருக்கலாம், சாலையோரம் வயல் வைத்திருப்பவராக இருக்கலாம். சில சமயம் குவாரி மேலாளரே கேட்கிறார். அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: குவாரியிடமே பராமரிப்பை விட்டுவிடுவது, சாலைக்குரிய துறையைச் செய்ய வைப்பது, ஊராட்சியே எடுத்துச் செய்வது, மாவட்ட கனிம அறக்கட்டளைப் பணத்தில் வேலை எடுப்பது. இவற்றைக் கலந்து செய்யும் ஐந்தாவது ஏற்பாடும் உண்டு. என் சாய்வு அந்த ஐந்தாவதின் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா ஊருக்கும் அது பொருந்தாது.

இங்கே பேசுவது தமிழ்நாட்டுக் கல்குவாரிகளைப் பற்றி: உத்திரமேரூர், வானூர், பல்லடம், க.பரமத்தி, இராதாபுரம் என்று ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் அளவில் வரிசையாக இருப்பவை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் கணக்கு வேறு. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் அளவுக்கு அதை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்திடம் பொறியாளர்களும் இயந்திரங்களும் உண்டு. 2023இல் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்கு நடுவே அந்தக் கால்வாய் வெட்டப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அங்கே "செய்ய முடியுமா" என்பது பிரச்சினை இல்லை. சின்னக் குவாரிகள் உள்ள இடத்தில் அதுதான் முதல் பிரச்சினை.

## மண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

யார் பொறுப்பு என்று சண்டை போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நல்ல மழை பெய்யும்போது, மேட்டிலிருந்து பள்ளம் வரை வடிகாலை ஒட்டி நடந்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண் வரும் வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வேறு.

கிரஷர் வளாகத்தில் குவித்த டஸ்ட்டும் குவாரியில் தள்ளிய மேல்மண்ணும் மழையில் கரைந்து வெளியே வருவது முதல் வகை. குவாரியைச் சுற்றி வடிகால் வெட்டி, அந்தத் தண்ணீரை ஒரு தொட்டியில் தேக்கி, மண் படிந்த பிறகே வெளியே விட வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. எனவே அந்த மண் சாலை வடிகாலுக்கு வந்திருந்தால், சுற்று வடிகாலோ தொட்டியோ இல்லை, அல்லது தொட்டி நிரம்பிக் கிடக்கிறது. தவறு வேலிக்கு உள்ளே நடந்திருக்கிறது.

தார்ப்பாய் போடாத டிப்பரிலிருந்து சிந்துவது இரண்டாவது. இது சாலை நெடுகப் பரவியிருக்கும், வளைவிலும் வேகத்தடையிலும் மட்டும் கூடுதலாக இருக்கும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: எதிரும் புதிருமாக இரண்டு டிப்பர் வரும்போது ஒன்று சாலையோரத்து மண் விளிம்பில் இறங்கும். விளிம்பு உடைந்து வடிகாலுக்குள் சரியும். இது ஊர் மண்தான், நிறத்திலேயே தெரியும். சாலை அகலம் போதாமல் வரும் பிரச்சினை இது. குவாரிக்காரர் எவ்வளவு அள்ளினாலும் தீராது.

எம்-சாண்ட் (கல்லை அரைத்துச் செய்யும் மணல்) கழுவிய சேற்றுத் தண்ணீர் தனி ரகம். மழையே இல்லாத நாளில் வடிகாலில் சாம்பல் கலந்த வெள்ளைத் தண்ணீர் ஓடினால் அதுதான். காய்ந்தால் மண்வெட்டி இறங்காது, கடப்பாரை வேண்டும். இதைப் "பராமரிப்பு" என்ற பெயரில் பேசவே கூடாது. கழிவுநீர் வெளியேற்றம் இது. போக வேண்டிய இடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

கடைசியாக, குவாரிக்குள் லாரி திரும்புவதற்காக வடிகாலை மூடிப் போட்ட வழி. அடியில் ஒன்றரை அடிக் குழாய் ஒன்றைப் போட்டு மேலே கிராவல் கொட்டியிருப்பார்கள். அகலமாக வந்த தண்ணீர் அந்தக் குழாய் வாயில் நின்று, கொண்டுவந்த மண்ணையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும். "வடிகால் தூர்ந்துவிட்டது" என்று ஊர் சொல்லும் இடங்களில் குற்றவாளி பல நேரம் இந்த ஒரே ஒரு குழாய்தான். அதை எடுத்துவிட்டு முழு அகலச் சிறுபாலம் போட்டால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

## சாலை யாருடையது?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஒன்றியச் சாலை ஊராட்சி ஒன்றியத்துடையது. மீதிக் கிராமச் சாலைகளும் அவற்றின் வடிகாலும் சிறுபாலமும் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி கிராம ஊராட்சியின் கடமை. சந்தேகம் இருந்தால் ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேட்டைக் கேளுங்கள். குவாரிக்குப் போகும் கிளைப்பாதை மட்டும் பட்டா நிலமாகவோ வண்டிப்பாதைப் புறம்போக்காகவோ இருக்கலாம். அதற்குப் புல வரைபடமும் அ-பதிவேடும் (சர்வே எண் வாரியாக நிலம் யாருடையது என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) பார்க்க வேண்டும்.

சட்டப்படியான பொறுப்பு இதோடு தெளிவாகிவிடும். ஆனால் பொறுப்புள்ளவர் செய்வார் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஒப்பீடு தேவைப்படுவது அதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, அந்த இடத்தில் மண்வெட்டி வைக்க அவருக்கு அதிகாரம் உண்டா? இரண்டு, பணம் வருடாவருடம் வருமா, ஒரு முறையோடு நிற்குமா? மூன்று, மழைக்கு முன்பும் மழைக்கு நடுவிலும் ஆள் வருமா? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் மாவட்டங்களில் செப்டம்பருக்குள் ஒரு முறை, நவம்பர் நடுவில் ஒரு முறை. தென்காசி, கன்னியாகுமரி, கோவை மேற்குப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவத்துக்காக மே மாதமும் சேரும். நான்கு, செய்யாவிட்டால் யாரிடம், எந்தக் காகிதத்தை வைத்துக் கேட்பது?

இந்த நான்கில் மூன்றாவதுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். கல்தூசி விழும் வடிகாலை வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்வது செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

## வழி 1: குவாரிக்காரரே பார்த்துக்கொள்வது

பார்த்தவுடன் நியாயமாகத் தெரிவது இதுதான். அசுத்தம் செய்தவர் சுத்தம் செய்யட்டும். அவரிடம் பொக்லைன் இருக்கிறது, டிப்பர் இருக்கிறது, காலையில் போன் போட்டால் மதியம் வேலை நடக்கும். மழைக்கு நடுவில் ஆள் வரும் ஒரே வழி இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

கையில் காகிதமும் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடி எடுக்கலாம். சுற்று வடிகால், படிவுத் தொட்டி, தண்ணீர் தெளிப்பு, அணுகுசாலைப் பராமரிப்பு என்று அதில் என்னென்ன நிபந்தனை இருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். அவற்றை நிறைவேற்றியதாக ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் குவாரி அறிக்கை கொடுக்க வேண்டும். டிசம்பர் அறிக்கை சரியாக மழைக்காலத்தில் வருகிறது. "வடிகால் நல்ல நிலையில் உள்ளது" என்று அதில் எழுதியிருந்தால், நீங்கள் நவம்பரில் எடுத்த படத்துக்கு அப்போதுதான் மதிப்பு.

மறைமுகச் செலவுகள் நிறைய. நெடுஞ்சாலை எல்லைக்குள் தனியார் இயந்திரம் இறங்கித் தோண்டத் துறை அனுமதி வேண்டும். அது இல்லாமல் தோண்டி கூட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்தால், குழாய்க்காரர்கள் தேடி வருவது "தோண்டச் சொன்ன" வார்டு உறுப்பினரைத்தான். இன்னொன்று மட்டம். பொக்லைன் ஓட்டுநர் தாராள மனசோடு ஆழமாக வாரிவிடுவார். வடிகாலின் அடிமட்டம் சிறுபாலத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் ஓடாது, தேங்கும். அப்புறம் கொசு. வாரிய மண்ணைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போவதும் வழக்கம். அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதான் வரும்.

இவற்றைவிடப் பெரிய செலவு கணக்கில் வராதது. "அண்ணன் பாத்துக்குவார்" என்று வாய்மொழியாக விட்ட ஊரில், கேட்கும் உரிமை சீக்கிரம் கரைந்துவிடுகிறது. வடிகாலைத் தூர்வாரியது உதவியாகிவிடும், திருவிழா நன்கொடையோடு சேர்ந்துவிடும். தொட்டி கட்டாததை அதன் பிறகு யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. குத்தகை ஐந்து வருடமோ பத்து வருடமோ. அதற்குள் நடத்துபவர் மாறிவிடுவார், மேலாளர் மாறிவிடுவார். நாலு குவாரி வரிசையாக இருந்தால் ஒவ்வொருவரும் மேலே இருப்பவரைக் காட்டுவார்கள்.

எங்கே சரி: ஒரே குவாரி, அதற்கு மட்டுமே பயன்படும் கிளைப்பாதை. அங்கே வேறு யாரையும் இழுக்கத் தேவையில்லை. பொதுச் சாலையில் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

## வழி 2: சாலைக்குரிய துறை

அதிகாரம், மட்டம் பார்க்கத் தெரிந்த பொறியாளர், சிறுபாலத்தை இடித்துக் கட்டும் சக்தி மூன்றும் துறையிடம்தான் உண்டு. குவாரி வாசல் குழாயை எடுக்கச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கவும் அவர்களால்தான் முடியும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் ஒரு விஷயம் விசாரியுங்கள்: அந்தச் சாலை நீண்டகாலப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறதா? பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி சில கோட்டங்களில் இப்படி ஐந்தாண்டு ஒப்பந்தங்கள் விடப்பட்டன. அப்படி இருந்தால் வடிகால் ஒப்பந்தக்காரரின் வேலைக்குள் வருகிறதா என்று பார்க்கலாம். புது எஸ்டிமேட், புது டெண்டர் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

"நிதி இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி இதே பதிலைச் சொன்னது. திறந்த சாக்கடை நாற்றம் தாங்காத குடியிருப்புக்காரர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் போனார்கள். 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், பணமில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று முடித்துவிட்டார். அதே அதிகாரம் இப்போது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. மனு கோட்டாட்சியரிடம் போகும். துறை, குவாரி இரண்டையும் எதிர்மனுதாரராகப் போடலாம். வக்கீல் இல்லாமலும் எழுதலாம் என்றாலும், ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுப்பது நல்லது.

துறையின் பலவீனம் தாளகதி. மழைக்கு முன் ஒரு சுற்று சுத்தம் செய்வார்கள். அதிலும் வெள்ளம் தேங்கும் நகரப் பகுதிகளுக்குத்தான் முதலிடம். வாரி முடித்த மூன்றாம் வாரம் குவாரிப் பக்கம் மறுபடி பழைய நிலை. இன்னொரு மறைமுகச் செலவு: குவாரியின் மண்ணை மக்கள் வரிப்பணத்தில் அள்ளுகிறோம். அள்ள ஆள் இருக்கும்வரை தொட்டி கட்ட அவருக்கு என்ன அவசரம்?

எங்கே சரி: சிறுபாலம் உடைந்திருக்கும் இடம், சாலை விளிம்பு சரிந்த இடம், பல குவாரி மண்ணும் வயல் தண்ணீரும் வீட்டுச் சாக்கடையும் கலந்து யாருடையது என்று பிரிக்கவே முடியாத இடம்.

## வழி 3: ஊராட்சி

ஊருக்கு நெருக்கமானது இதுதான், கையில் காசு குறைவானதும் இதுதான். மாநில நிதி ஆணைய மானியத்தில் மின்கட்டணமும் சம்பளமும் போனால் மீதி கொஞ்சம். ஊராட்சிச் சாலை என்றால் சட்டக் கடமை இருக்கிறது, தட்ட முடியாது. நெடுஞ்சாலை என்றால் ஊராட்சிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் பழி மட்டும் தலைவர் மேல் விழும்.

அளவை ஒரு முறை போட்டுப் பார்த்தால் ஊராட்சி ஏன் திணறுகிறது என்று புரியும். ஒரு மீட்டர் அகல வடிகால், அரை மீட்டர் உயரத்துக்கு மண், நீளம் 500 மீட்டர் என்று வையுங்கள். 250 கன மீட்டர். நம் கணக்கில் ஒரு யூனிட் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக ஏறக்குறைய 88 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் முப்பது நடை. பொக்லைன் வாடகையை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இந்த முப்பது நடையை எங்கே கொட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் கொட்டினால் பிரச்சினை இடம் மாறியிருக்கிறது, தீரவில்லை. கல்தூசி ஏற்றிப் போகும் வண்டியை நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிச் செல்ல ஒவ்வொரு லோடுக்கும் தரும் அனுமதிச் சீட்டு) கேட்டு வழியில் மடக்கவும் செய்வார்கள். எனவே எங்கே கொண்டுபோகிறோம் என்று கனிமவளத் துறைக்கு முன்கூட்டி எழுதி, பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

நூறு நாள் வேலை ஆட்களை இறக்கலாமே என்பார்கள். ஊர் மண் விழுந்த வடிகால் என்றால் சரி. கிரஷர் தூசி படிந்த வடிகாலில் நான் தயங்குவேன். காய்ந்த தூசியைச் சட்டியில் அள்ளும்போது கிளம்பும் சிலிக்கா நுரையீரலில் தங்கும், சிலிகோசிஸ் குணமாகாத நோய். வேலைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், பலர் வயதானவர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் முதல் நாளே தண்ணீர் விட்டு ஊறவைத்து, முகக்கவசம் கொடுத்து, இறுகிய பகுதியை இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஊராட்சியின் உண்மையான பலம் வேலையில் இல்லை, தீர்மானத்தில் இருக்கிறது. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வடிகால் தீர்மானத்துக்கு ஆகஸ்ட் 15தான் சரியான நாள். அக்டோபர் 2 தாமதம், நவம்பர் 1இல் போடுவது அடுத்த வருடத்துக்கு. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் (2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் இதுதான் நடந்தது) தீர்மானத்துக்கு அதே மதிப்பு உண்டு. எந்தச் சாலை, எந்தச் சர்வே எண்ணிலிருந்து எது வரை, எந்தக் குவாரி என்று எழுதியிருக்க வேண்டும். "வடிகாலைச் சரிசெய்யக் கோரி" என்று மொட்டையாக எழுதிய தீர்மானம் கோப்பில் தூங்கும்.

எங்கே சரி: ஊராட்சிச் சாலை, குறைந்த நீளம், குவாரி தூரத்தில்.

## வழி 4: மாவட்ட கனிம அறக்கட்டளை

சுரங்கச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தில் பிறந்தது இது. குத்தகைதாரர் வெட்டும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் உரிமத் தொகையோடு (ராயல்டி) சேர்த்து ஒரு பங்கு இதற்கு வரும், பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலவாக வேண்டும். ஆட்சியர் தலைமையில் நடக்கிறது. ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கும் பலர் இதைத்தான் மனதில் வைத்துப் போகிறார்கள்.

விண்ணப்பம் எழுதும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல்படி குறைந்தது 70 சதவீதம் குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு போன்ற முன்னுரிமை இனங்களுக்குப் போக வேண்டும். சாலையும் பாலமும் மீதியில்தான் வரும். "சாலை வடிகால் கட்டித் தருக" என்று கேட்டால் நீளமான வரிசையில் நிற்பீர்கள். "கல்தூசி கலந்த நீரைத் தேக்கிப் படியவைக்கும் தொட்டி, மாசுத் தடுப்பு" என்று கேட்டால் சின்ன வரிசை. இரண்டாவதுதான் உண்மையில் தேவையும்கூட.

மறைமுகச் செலவு, கட்டியதோடு முடிந்துவிடுவது. இந்தப் பணம் கான்கிரீட் வடிகாலாக மாறும், கல்வெட்டு வைப்பார்கள், பராமரிப்புக்கு நிதி எதுவும் ஒதுக்கியிருக்காது. கான்கிரீட் போட்டால் மண் தானாக ஓடிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். நுண்மண் படியாமல் இருக்கத் தண்ணீர் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும். அதற்கு வாட்டம் (சரிவு) வேண்டும். தட்டையான தரையில் கட்டிய கான்கிரீட் வடிகால் நீளமான தொட்டிதான். மேலே மூடிப் பலகைக் கல்லும் போட்டுவிட்டால் உள்ளே நிரம்பியதே தெரியாது, தூர்வாரும் செலவும் ஏறும். குவாரிப் பக்கத்தில் நான் திறந்த வடிகாலையே கேட்பேன், ஊருக்குள் வரும் பகுதியை மட்டும் மூடட்டும்.

எங்கே சரி: முதல் முறை கட்ட வேண்டிய தொட்டி, சிறுபாலம், சாலை அகலப்படுத்தல். வருடாந்தரத் தூர்வாரலுக்கு இது வேண்டாம்.

## வழி 5: கலப்பு ஏற்பாடு

எளிமையாகச் சொன்னால்: வேலிக்கு உள்ளே குவாரி, வேலிக்கு வெளியே சாலைக்குரிய துறை, செலவில் பெரும்பங்கு குவாரிகள், கண்காணிப்பு ஊராட்சி. துறை அனுமதியும் மட்டமும் கொடுக்கும். அந்த மட்டத்துக்குக் குவாரியின் இயந்திரமோ வாடகை இயந்திரமோ வாரும். பல குவாரி இருந்தால் பங்கை எப்படிப் பிரிப்பது? ஏக்கர் கணக்கில் பிரித்தால் மூடிக்கிடக்கும் குவாரிக்காரர் சண்டைக்கு வருவார். வாங்கிய நடைச்சீட்டு எண்ணிக்கையில் பிரியுங்கள். எத்தனை லோடு போனதோ அத்தனை பங்கு. பணம் ஊராட்சிக் கணக்கில் ரசீதோடு வர வேண்டும். ரொக்கமாக யார் கையிலும் கொடுக்கக் கூடாது, அது கோயில் கமிட்டிக் கையாக இருந்தாலும் சரி.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. தொடங்க ஒருவர் அலைய வேண்டும், நடத்த ஒருவர் விடாப்பிடியாக இருக்க வேண்டும். துறை அதிகாரி மாறினால் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டும். ஒரு குவாரி மறுத்துவிட்டால் மற்றவர்களும் நழுவப் பார்ப்பார்கள். அதனால் வெறும் ஊர்க்கூட்டத்தில் முடிக்காமல், ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் முன்னிலையில் பேசி, கூட்டக் குறிப்பாக எழுதி வாங்குவதில்தான் இதன் உயிர் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | அதிகாரம் | வருடாவருடப் பணம் | மழைக்கு நடுவில் ஆள் | கேட்கக் காகிதம் |
|---|---|---|---|---|
| குவாரி | பொதுச் சாலையில் இல்லை | குத்தகை உள்ளவரை | வரும் | அனுமதிக் கடிதம் |
| துறை | முழுமையாக | உண்டு, தாமதமாக | அரிது | சட்டக் கடமை, 152 மனு |
| ஊராட்சி | தன் சாலையில் மட்டும் | குறைவு | முயன்றால் | 110ஆம் பிரிவு |
| கனிம அறக்கட்டளை | வேலை எடுக்கும் துறை வழியாக | ஒரு முறை | இல்லை | நிர்வாக அனுமதி ஆணை |
| கலப்பு | துறை வழியாக | லோடு கணக்கில் | வரும் | எழுதிய கூட்டக் குறிப்பு |

## உங்கள் ஊருக்கு எது?

மழையில்லாத நாளில் வெள்ளைத் தண்ணீர் ஓடினால் மேலே உள்ள எதுவும் வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். பலன் இல்லையென்றால் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்ற கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

அடைப்பு குவாரி வாசல் குழாயில் என்றால் துறையிடம் போய் அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். பத்துக் கோரிக்கையோடு போன மனுவைவிட ஒரே கோரிக்கை மனு வேகமாக நகரும்.

ஒரே குவாரி, கிளைப்பாதை: வழி 1, ஆனால் எழுத்தில். ஊராட்சிச் சாலையில் ஒன்றிரண்டு குவாரி: ஊராட்சித் தீர்மானத்தோடு கலப்பு ஏற்பாடு. நெடுஞ்சாலையில் வரிசையாகக் குவாரிகள்: தொட்டிக்கும் சிறுபாலத்துக்கும் கனிம அறக்கட்டளை, தூர்வாரலுக்குக் கலப்பு. இதை மாற்றிப் போட்டு, தூர்வாரலுக்கு அறக்கட்டளையையும் தொட்டிக்குக் குவாரியின் நல்ல மனசையும் நம்பினால் இரண்டும் நடக்காது.

குவாரி மேலாளர் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. உரிமத் தொகை கட்டினோம், 2025 ஏப்ரலில் வந்த கனிம நில வரியும் கட்டுகிறோம் என்பது உண்மை. அந்தப் பணம் வெட்டியெடுத்த கல்லுக்கும், கல் இருக்கும் நிலத்துக்கும். வடிகாலை நிரப்புவதற்கு அதில் ரசீது இல்லை. லாரியை ஊர் மறித்து இரண்டு நாள் நின்றால் ஆகும் நட்டம், தொட்டி கட்டும் செலவைவிடக் குறைவாக இருக்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

## எழுதும்போது விடக்கூடாதவை

கூட்டக் குறிப்பில் இவை இருந்தால் போதும். எந்தச் சிறுபாலத்திலிருந்து எந்தச் சிறுபாலம் வரை. செப்டம்பருக்குள் ஒரு முறை, நவம்பர் நடுவில் ஒரு முறை. வாரிய மண் கரையில் கிடக்காமல் எத்தனை நாளில் அகற்றப்படும், எங்கே கொட்டப்படும். குவாரிக்குள்ளேயே, சுற்று வடிகாலுக்கு உட்புறம் இடம் ஒதுக்கச் சொல்வது நல்லது. எவ்வளவு மண் ஏறினால் உடனே வாரவேண்டும் என்பதற்கு ஒரு அடையாளம். சிறுபாலத்தின் பக்கச் சுவரில் அடிமட்டத்துக்கு ஒரு கோடு, கால் மீட்டர் மேலே சிவப்பில் ஒரு கோடு என்று பெயின்ட் அடித்துவிட்டால் போதும். மண் சிவப்பைத் தொட்டதா இல்லையா என்பதில் வாக்குவாதம் வராது, யார் வேண்டுமானாலும் படம் எடுத்து அனுப்பலாம்.

குத்தகை முடியும் தேதியையும் அதே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குத்தகைக்காகக் கட்டிய பிணைத்தொகையைக் குவாரிக்காரர் திரும்பக் கேட்கும் நாள் வரும். அதற்குச் சில மாதம் முன்பே, வடிகாலையும் தொட்டியையும் கடைசியாக ஒரு முறை தூர்வாரி ஒப்படைத்த பிறகே தொகையை விடுவிக்க வேண்டும் என்று ஊராட்சித் தீர்மானத்தை ஆட்சியருக்கும் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் அனுப்பிவிடுங்கள். பூட்டுப் போட்டுப் போன குவாரியின் மண்ணை அள்ள அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட முடியாது.